வெண்கட்டியால் வரைந்த கதவு

நாவல் முதலில் வரும், பிறகு அதைப் படமாக எடுப்பார்கள். நாம் பார்த்துப் பழகிய வரிசை இதுதான். மெக்சிகோ இயக்குநர் கில்லெர்மோ டெல் டோரோவின் ‘பான்ஸ் லாபிரிந்த்’ விஷயத்தில் இது தலைகீழாக நடந்தது. ஸ்பானிய மொழியில் எடுக்கப்பட்ட அந்தப் படம் 2006இல் கான் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அடுத்த ஆண்டு ஒளிப்பதிவு, கலை இயக்கம், ஒப்பனை ஆகிய மூன்று துறைகளில் ஆஸ்கர் விருது பெற்றது. அதே கதை 2019இல் நாவலாக வெளிவந்தது. டெல் டோரோவோடு சேர்ந்து அதை எழுதியவர் ‘இங்க்ஹார்ட்’ நாவலால் உலகெங்கும் சிறுவர்களிடம் பெயர்பெற்ற ஜெர்மானிய எழுத்தாளர் கோர்னேலியா ஃபுங்கே. படத்தைப் பார்த்துவிட்டவர் புத்தகத்தை எதற்காக வாசிக்க வேண்டும்? அதிலும் இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரியிலோ கேகாலையிலோ ஒரு தோட்டத்து லயத்தில் வளரும் பிள்ளைக்கு ஸ்பெயின் நாட்டுக் காட்டில் நடக்கும் மாயக்கதையால் ஆவதென்ன? இந்தக் கதையின் இருட்டு பசியிலிருந்தும் அதிகாரத்திலிருந்தும் வந்த இருட்டு. அந்த இரண்டையும் கதையாக்கித் தாங்கிக்கொண்ட மக்கள் சப்ரகமுவத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்களுக்குப் படத்தைவிடப் புத்தகமே நெருக்கமானது என்பது என் கட்சி.

கதை நடப்பது 1944இல். ஸ்பானிய உள்நாட்டுப் போர் 1939இல் முடிந்து, பிராங்கோவின் ஆட்சி வேரூன்றிவிட்டது. மலைக்காடுகளில் மட்டும் தோற்றவர்களில் சிலர் இன்னும் துப்பாக்கியோடு திரிகிறார்கள். அவர்களை வேட்டையாட அனுப்பப்பட்டவன் கேப்டன் விதால். ஒரு பழைய ஆலையில் முகாமிட்டிருக்கும் அவனிடம், அவனுடைய பிள்ளையை வயிற்றில் சுமக்கும் கார்மென் வந்து சேர்கிறாள். அவளுக்கு முதல் கணவன் மூலம் பிறந்த சிறுமிதான் ஒஃபெலியா. காட்டுக்குள் பாழடைந்து கிடக்கும் சுழல்வழிக்கோட்டத்தில் ஆட்டுக்கால்களுடைய ஒரு வனதேவன் அவளைச் சந்திக்கிறான். நீ பாதாள நாட்டின் இளவரசி, பூமிக்கு வந்து உன்னை மறந்துபோனாய், பௌர்ணமிக்குள் மூன்று சோதனைகளை முடித்தால் உன் நாட்டுக்குத் திரும்பலாம் என்கிறான். அத்தி மரத்தின் அடியில் கிடக்கும் தேரை, உள்ளங்கையில் கண்ணுள்ள வெளிறிய மனிதன், கடைசியில் கைக்குழந்தையின் இரத்தம் என்று சோதனைகள் விரிய, மேலே ஆலையில் சித்திரவதையும் கொலையும் நடக்கின்றன. எது நிஜம், எது மாயம் என்பதைப் படமும் தீர்த்துச் சொல்லவில்லை, நாவலும் சொல்லவில்லை.

படத்தில் இல்லாத ஒன்றை ஃபுங்கே நாவலில் சேர்த்திருக்கிறார். அத்தியாயங்களுக்கு நடுவே, தனித்தனியாக நிற்கக்கூடிய குட்டிக் கதைகள் வருகின்றன. திரையில் பின்னணியாக மட்டும் இருந்த ஆலை, கோட்டம் போன்றவற்றுக்கும், பாத்திரங்களின் கைகளில் புழங்கும் பொருட்களுக்கும் அந்தக் கதைகள் ஒரு பூர்வீகம் கொடுக்கின்றன. திரையில் பார்க்கும்போது ஆலை வெறும் கட்டடம். புத்தகத்தில் அதற்கு ஒரு பழைய பாவம் இருக்கிறது. அந்தப் பாவத்தின் மேல்தான் கேப்டன் குடியேறியிருக்கிறான் என்பது வாசகருக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியாது. கண்ணால் பார்ப்பதைக் கேமரா நொடியில் காட்டிவிடும். அந்தப் பொருள் யார் யார் கையைக் கடந்து வந்தது என்பதைச் சொல்ல எழுத்தே வேண்டும். மலையகத் தோட்டங்களின் வாய்மொழி மரபு இதையேதான் செய்தது. வெள்ளைக்காரன் கொண்டுவந்து நிறுத்திய தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்க ஒரு முனியை உண்டாக்கி, ரோதைமுனி என்று பெயர் வைத்துக் கும்பிட்டார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் வேலைக்குக் கவ்வாத்துசாமி வந்தார். விரலை நசுக்கும் இயந்திரமும் கையைக் கிழிக்கும் கத்தியும் தங்களுக்குச் சொந்தமில்லாத தொழிலின் கருவிகள். அவற்றுக்குக் கதை கட்டியதன் மூலம், கணக்குப் புத்தகத்தில் பெயராக மட்டும் இருந்தவர்கள் அந்த இடத்தின் வரலாற்றைத் தாங்களே எழுதினார்கள். ஃபுங்கே மேசையில் உட்கார்ந்து செய்ததை அவர்கள் வேலைத்தலத்தில் செய்தார்கள்.

பசிக்கு வருவோம், இந்த நாவலின் உயிர்நாடி அதுதான். கேப்டன் விதால் முதலில் செய்கிற காரியங்களில் ஒன்று களஞ்சியத்தைப் பூட்டிச் சாவியைத் தன் கையில் வைத்துக்கொள்வது. பங்கீட்டு அட்டையைக் காட்டினால்தான் ஊர்மக்களுக்கு ரொட்டி. காட்டிலிருப்பவர்களுக்கு யாரும் சோறு கொண்டுபோகக் கூடாது என்பதற்காக ஊரையே அரைவயிற்றில் வைக்கிறான். இது கற்பனை அல்ல. ஸ்பெயினில் உணவுப் பங்கீடு 1939இல் தொடங்கி 1952 வரை நீடித்தது, அந்த ஆண்டுகளைப் பசியின் ஆண்டுகள் என்றே அந்நாட்டார் சொல்கிறார்கள். அதே நேரத்தில் கேப்டனின் மேசையில் விருந்து நடக்கிறது. பாதிரியாரும் ஊர்ப் பெரிய மனிதர்களும் ஏழைகளுக்கு எவ்வளவு ரொட்டி போதும் என்று சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறார்கள். பிறகு இரண்டாவது சோதனை. வெண்கட்டியால் சுவரில் ஒரு கதவு வரைந்து ஒஃபெலியா உள்ளே போகிறாள். பழங்களும் இறைச்சியும் குவிந்த மேசையின் தலைமாட்டில், சதை தொங்கும் வெளிறிய மனிதன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். மூலையில் குழந்தைகளின் காலணிகள் குவிந்து கிடக்கின்றன. கேப்டன் உட்கார்ந்த அதே இடம், அதே தோரணை. உணவை வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தின்பவன் யார் என்பதை எழுத்தாளர் விளக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

பூட்டிய களஞ்சியம் என்றால் என்னவென்று தோட்டத்துக் குடும்பங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தோட்ட ஸ்டோரில் அரிசியும் மாவும் பெயர்ப்பதிவுப்படி நிறுத்துக் கொடுக்கப்பட்டு, விலை சம்பளத்தில் பிடிக்கப்பட்ட காலம் நெடியது. இரப்பர் தோட்டங்களில் மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. பால் வெட்டாத நாளுக்குப் பெயர் விழாது, கூலியும் இல்லை. இரத்தினபுரியும் கேகாலையும் நாட்டின் மிக அதிக மழை பெறும் பகுதிகளைச் சேர்ந்தவை. 1973, 1974இல் உணவுத் தட்டுப்பாடு நாட்டை உலுக்கியபோது பங்கீடு குறைந்தது, கோதுமை மா கிடைக்கவில்லை. தோட்டங்களில் இறப்பு விகிதம் மற்ற இடங்களைவிடக் கடுமையாக உயர்ந்தது. தோட்ட மக்கள் சாப்பாடு தேடி நகர வீதிகளுக்கு வந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த ஆண்டுகளைப் புள்ளிவிவரமாக வாசிப்பதற்கும், சாவியை இடுப்பில் செருகிய ஒரு மனிதனின் கதையாக வாசிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதில் பசி இயற்கையாக வந்ததாகத் தோன்றாது. யாரோ பூட்டியதால் வந்ததாகத் தெரியும்.

தமிழில் இப்படியொரு கதை நமக்கு முன்பே இருக்கிறது. நல்லதங்காள் கதை பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தில் தொடங்குகிறது. ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் இல்லாத நேரத்தில் அண்ணி மூளியலங்காரி நெல்லிருக்கும் வீட்டில் அவர்களைப் பட்டினி போடுகிறாள். மானம் தாங்காமல் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் விழுகிறாள். வாய்ப்பாட்டாக இருந்தது பெரிய எழுத்துப் புத்தகமானது, நாடக மேடை ஏறியது, 1935இலும் 1955இலும் திரைப்படமானது. இதைவிட இருண்ட கதையைத் தமிழ்ப் பிள்ளைகள் கேட்டதில்லை. ஆனாலும் பாட்டிமார் அதை மறைக்கவில்லை. ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்குக் கதை மாறியதை யாரும் நகல் என்று இழிவாகப் பேசவும் இல்லை. படத்திலிருந்து வந்த நாவல் என்றதும் வியாபாரச் சரக்கு என்று முகம் சுளிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதில் அடங்கும். படத்தின் வசனங்களை அப்படியே அச்சடித்துத் தருகிற புத்தகங்கள் உண்டு, அவற்றைப் பற்றி அந்தக் குற்றச்சாட்டு சரியே. கதை புதிய வடிவத்துக்குப் போகும்போது பழைய வடிவத்தால் முடியாத ஒன்றைச் செய்கிறதா என்பதே கேள்வி. ஃபுங்கேயின் குட்டிக் கதைகள் அதைச் செய்கின்றன. எல்லா இடத்திலும் அப்படி என்று சொல்ல மாட்டேன். படத்தின் காட்சிகளை வரிசை மாறாமல் பின்தொடரும் பக்கங்களில் எழுத்து சற்றுச் சோர்ந்துபோவது உண்மை. கேப்டனின் மனதுக்குள் போய் வரும் இடங்களிலும், வீட்டுவேலைக்காரியாக நடித்துக்கொண்டே காட்டிலிருக்கும் தம்பிக்கு உணவும் மருந்தும் கடத்தும் மெர்சேதஸின் பயத்தைச் சொல்லும் இடங்களிலும் அது மறுபடி நிமிர்கிறது.

முடிவைப் பற்றிப் பேசாமல் இந்த நாவலைப் பேச முடியாது; வாசிக்கப் போகிறவர்கள் மன்னிக்க வேண்டும். ஒஃபெலியா சுடப்படுகிறாள். கோட்டத்தின் நடுவில் இரத்தம் சொட்டக் கிடக்கும் அவளை மெர்சேதஸ் மடியில் போட்டு அழுகிறாள். அதே கணத்தில் பாதாள அரண்மனையில் அவளுடைய தந்தையும் தாயும் அவளை வரவேற்கிறார்கள். உலகத்துக்கு அவள் பிணம். அவளுக்கு அவள் இளவரசி. இரண்டில் எதை நம்புவது என்று மேற்கத்திய விமர்சகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். மாசி மாதத்தில் காமன் கூத்து பார்த்த தோட்டத்து வாசகருக்கு இந்த முடிவு அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை. சிவன் நெற்றிக்கண் திறந்து காமனை எரிக்கிறான். ரதி புலம்புகிறாள், அந்தப் புலம்பலைக் கேட்டுப் பார்வையாளர் கண்ணீர் விடுகிறார்கள். பிறகு காமன் உயிர்பெறுகிறான், ஆனால் புராணத்தின்படி ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். நல்லதங்காள் கதையின் சில வடிவங்களிலும் சிவனும் பார்வதியும் வந்து செத்தவர்களை எழுப்புகிறார்கள். எழுப்பினாலும் கேட்டவர்களின் துக்கம் போவதில்லை, எழுப்பாமல் விட்டால் கதையைத் தாங்க முடிவதில்லை. சாவைச் சாவு என்றே சொல்வது, அதேசமயம் கொன்றவனுக்குக் கடைசி வார்த்தையைக் கொடுக்காமல் இருப்பது என்ற இந்த இரட்டை முடிவை உழைக்கும் மக்களின் கலை எங்கெங்கும் கண்டுபிடித்திருக்கிறது. அதை ஆறுதல் என்று மட்டும் எடுத்துக்கொள்வது தவறு. கேப்டன் தன் மகனிடம் தன் சாவு நேரத்தைச் சொல்லச் சொல்கிறான். உன் பெயர்கூட அவனுக்குத் தெரியப்போவதில்லை என்று மெர்சேதஸ் சொல்வது அந்த இரட்டை முடிவின் மறுபாதி.

இன்னொரு இடத்தில் நாவல் மலையகத்தை இன்னும் ஆழமாகத் தொடுகிறது. நீ எங்கள் நாட்டவள் என்பதை நிரூபித்துக் காட்டு என்பதுதான் வனதேவன் வைக்கும் நிபந்தனை. பிறந்த உரிமை போதாது, சோதனை தேற வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களிடம் கேட்டதும் இதைத்தான்: தகப்பன் இங்கே பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குச் சான்று கொண்டுவா. காட்டை அழித்துக் கோப்பியும் தேயிலையும் இரப்பரும் நட்டவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி துடைக்கப்பட 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாவலில் வனதேவன் கடைசியாகக் கேட்பது கைக்குழந்தையான தம்பியின் சில துளி இரத்தம். கொடுத்தால் கதவு திறக்கும். ஒஃபெலியா மறுக்கிறாள், மறுத்ததே தேர்வு என்பது பின்னால் தெரிகிறது. இன்னொருவரைப் பலி கொடுத்துக் கிடைக்கும் உரிமை தனக்கு வேண்டாம் என்று ஒரு சிறுமி சொல்வதை, உரிமைக்காக வரிசையில் நின்று நின்று தளர்ந்த சமூகத்தின் பிள்ளைகள் வாசிக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

கீழ்ப்படியாமையை இந்தக் கதை மொத்தமாகப் புகழவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளிறிய மனிதனின் மேசையில் எதையும் தொடாதே என்ற எச்சரிக்கையை மீறி ஒஃபெலியா திராட்சைப் பழத்தை வாயில் போடுகிறாள். வழிகாட்டிய இரண்டு தேவதைகள் அதற்காக உயிரை விடுகின்றன. பசியால் மீறுவதும் மனச்சாட்சியால் மீறுவதும் ஒன்றல்ல என்ற வேறுபாட்டை நாவல் பாடமாகச் சொல்லாமல் சம்பவமாக நடத்திக் காட்டுகிறது. மருத்துவர் ஃபெரெய்ரோ, சித்திரவதைப்பட்ட கைதியின் வேதனையை முடித்துவைத்துவிட்டு, கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவது உன்னைப் போன்றவர்களால்தான் முடியும் என்ற பொருள்படக் கேப்டனிடம் சொல்லிவிட்டு நடக்கிறார்; முதுகில் குண்டு பாய்கிறது. அதிகாலைப் பெரட்டில் நின்று, பெயர் கூப்பிட்டதும் கணக்கப்பிள்ளை காட்டிய மலைக்குப் போன வாழ்க்கையில், கீழ்ப்படிவது பிழைப்பு. எப்போது கீழ்ப்படியக் கூடாது என்று யோசிப்பதற்கு அந்த வாழ்க்கை நேரம் கொடுத்ததில்லை. புத்தகம் கொடுக்கிறது. திரையில் குண்டு பாய்ந்ததும் அடுத்த காட்சி வந்துவிடும். பக்கத்தில் விரலை வைத்து நிறுத்திக்கொண்டு, அவர் ஏன் ஓடவில்லை என்று கேட்கலாம்.

இப்படி மாயக்கதையை முன்வைப்பதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று மலையக இலக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் போன்றவர்கள் வளர்த்த மரபு யதார்த்த மரபு. ‘ஒரு கூடைக் கொழுந்து’, ‘காலங்கள் சாவதில்லை’, தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ முதலியவை லயத்தையும் சம்பளத்தையும் நிலப்பறிப்பையும் உள்ளபடி எழுதின. பேய், முனி என்று மக்களை மயக்கி வைத்ததே போதும், இனி உண்மையைச் சொல்லுங்கள் என்ற கோபம் அந்த எழுத்தின் பின்னால் இருந்தது. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். அது இல்லாதிருந்தால் வெளியுலகம் தோட்டத்துக்குள் எட்டிப் பார்த்திருக்காது. ஆனால் யதார்த்தம் என்ன நடந்தது என்று சொல்லும். நடந்தது ஒரு பிள்ளையின் நெஞ்சில் என்ன வடிவம் எடுத்தது என்று சொல்ல அதன் கைக்கு எட்டாத இடங்கள் உண்டு. 1977இலும் 1981இலும் நடந்த இனவன்முறையில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டு, லயங்கள் எரிக்கப்பட்டு, 1977இலேயே பல குடும்பங்கள் வவுனியாப் பக்கம் போய்க் குடியேறின. அந்த இரவுகளில் தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்திருந்த ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கக்கூடியது அரசியல் காரணம் அல்ல. இருட்டில் முகம் தெரியாத ஏதோ ஒன்று வருகிறது என்பதுதான். கண்ணை உள்ளங்கையில் வைத்திருக்கும் வெளிறிய மனிதன் அந்தப் பயத்துக்கு மிக அருகில் இருக்கிறான். டெல் டோரோவின் படமும் மாயத்தைக் காட்டி வரலாற்றை மறைக்கவில்லை; ஆண்டையும் அரசையும் பெயர் சொல்லித்தான் நடத்துகிறது.

பிள்ளைகளுக்கு இவ்வளவு கொடூரம் தேவையா என்று கேட்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. படம் பெரியவர்களுக்கானது, முயல் வேட்டைக்குப் போன அப்பாவி விவசாயியையும் மகனையும் கேப்டன் கொல்லும் காட்சியைச் சிறுவர்களுக்குக் காட்டுவது தவறு. நாவலிலும் அந்தக் கொலை இருக்கிறது. பதினான்கு பதினைந்து வயதுக்குக் கீழே முழுப் புத்தகத்தையும் கையில் கொடுக்க வேண்டாம். ஆனால் எழுத்தில் வரும் பயத்தின் அளவை வாசிப்பவரே தீர்மானிக்கிறார். மனதால் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் கற்பனை எளிதில் போகாது, பயந்தால் புத்தகத்தை மூடிவிடலாம். திரையோ எல்லோர் கண்ணிலும் ஒரே அளவு இரத்தத்தைக் கொட்டுகிறது. போதாததற்கு, தோட்டத்துப் பிள்ளைகள் இருட்டுக் கதை கேட்காமல் வளர்பவர்கள் அல்ல. சப்ரகமுவத் தோட்டங்கள் நுவரெலியாவைப் போலத் தமிழர் செறிந்து வாழும் பெரும் பரப்பு அல்ல. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பவை. அதனால் முனியும் மாடசாமியும் மட்டுமல்ல, பக்கத்துக் கிராமத்து மகாசோனாவும் அந்தப் பிள்ளைகளின் இரவுகளில் நடமாடுகிறது. இரத்தினபுரி சமன் தேவாலயத்துப் பெரஹராவும் அவர்கள் பார்ப்பதுதான். இரண்டு மொழிகளின் பயங்களையும் சாமிகளையும் சுமக்கும் பிள்ளைக்கு மூன்றாவது மொழியின் வனதேவன் பாரமாக மாட்டான்.

இந்த நாவலைத் தோட்டத்துப் பிள்ளைகளிடம் நடைமுறையில் எப்படிக் கொண்டுபோவது என்பது உண்மையான சிக்கல். நாவல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. எட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ ஒரு தமிழ்ப் பாடசாலையின் பத்தாம் வகுப்பு மாணவி அதைத் தனியாக வாசிப்பாள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வழி புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. இடையில் வரும் குட்டிக் கதைகள் ஒவ்வொன்றும் சில பக்கங்கள்தான், முதன்மைக் கதை தெரியாமலே புரியும். ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் அவற்றில் இரண்டை வாசித்துத் தமிழில் சொன்னால் ஒரு பாடவேளைக்குப் போதும். அதன் பிறகு, வீட்டில் இருக்கும் ஒரு பொருளுக்கு இதேபோலப் பூர்வீகம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று மாணவர்களிடம் கேட்கலாம்: அம்மா பால் வெட்டும் கத்தி, மரத்தில் கட்டிய சிரட்டை, பாட்டி முதுகில் தொங்கிய கொழுந்துக் கூடை, பெரட்டுக்கு அழைத்த தப்பு, பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய குடியுரிமை விண்ணப்பத்தின் பிரதி. அது யார் கையிலிருந்து வந்தது, அதைத் தொட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது, அதைக் காக்கும் சாமி எது என்று மாணவர்கள் வீட்டில் விசாரிக்க வேண்டியிருக்கும். பாட்டிமாரில் சிலருக்கு ரோதைமுனி ஞாபகம் இருக்கும். எழுதி வந்த கதைகளைப் பாடசாலை ஒரு கையெழுத்துச் சஞ்சிகையாகத் தைத்து வாசிகசாலையில் வைக்கலாம். ஒஃபெலியாவின் முழுக் கதையை வாசிக்கும் வயது வரும்போது அந்த மாணவர்கள் ஏற்கெனவே அந்த வகை எழுத்தின் ஆசிரியர்களாக இருப்பார்கள்.